பதினேழாம் குழியின் பெருமை

அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில், அட்லாண்டிக் கரையோரம் பொன்டி வீட்ரா பீச் என்ற ஊரில் இருக்கிறது டிபிசி சாக்ராஸ் கோல்ஃப் மைதானம். அதைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் 17ஆம் குழியிலிருந்துதான் தொடங்குவார்கள். அதில் நியாயம் இருக்கிறது. எதற்காக உண்டாக்கப்பட்டதோ அந்த வேலையை இத்தனை பிசகில்லாமல் செய்து முடிக்கும் குழி கோல்ஃப் உலகில் இன்னொன்று இல்லை. தூரம் 137 யார்டு, அதாவது ஏறத்தாழ 125 மீட்டர். அடிப்பவருக்கும் கொடிக்கும் நடுவே தண்ணீர். கொடிக்கு இடமும் வலமும் தண்ணீர், பின்னாலும் தண்ணீர். நடுவே கொடி நிற்கும் புல்பரப்பு, 4,000 சதுர அடிக்கும் குறைவான கிரீன். சென்னைக் கணக்கில் ஒன்றேமுக்கால் கிரவுண்டுகூடத் தேறாது. முன்பக்கத்தில் சின்னதாக ஒரு மணற்குழி. கரையிலிருந்து கிரீனுக்கு நடந்துபோக ஒரு குறுகிய பாதை. அவ்வளவுதான்.

இந்தக் குழியின் நேர்மையைப் பாராட்ட வேண்டும். ஸ்காட்லாந்தின் பழைய மைதானங்களில் நிற்பவருக்குப் பாதி விஷயம் கண்ணில் படாது. மேட்டுக்குப் பின்னால் ஒரு மணற்குழி ஒளிந்திருக்கும். தட்டையாகத் தெரியும் புல்வெளி பந்தை ஓரமாக இழுத்துக்கொண்டு போகும். செயின்ட் ஆண்ட்ரூஸ் பழைய மைதானத்தில் ஆயுள் முழுக்க ஆடியவர்கள்கூட ஏதாவது ஒரு மேட்டைப் புதிதாகக் கண்டுகொள்வார்கள். சாக்ராஸ் 17இல் அந்தக் காத்திருப்பே இல்லை. முதல் அடி அடிக்கும் டீயில் ஏறி நின்ற அந்தக் கணமே கற்க வேண்டியதெல்லாம் கற்று முடிந்துவிடுகிறது. அனுபவப்பட்ட கேடியின் துணை வேண்டாம், உள்ளூர்க்காரரின் ஞானம் வேண்டாம். நூறாவது முறை வருகிறவரிடமும் முதல்முறை வருகிறவரிடமும் குளம் ஒரே சேதியைத்தான் சொல்கிறது. நூறு முறை வந்தவருக்கு அது கூடுதலாக எதையும் சொல்வதில்லை.

இது பிறந்த கதை சிக்கனத்தின் கதை. அமெரிக்கத் தொழில்முறை கோல்ஃப் வீரர்களின் அமைப்பான பிஜிஏ டூர், தனக்கென்று சொந்த வீடாக ஒரு மைதானம் வேண்டுமென்று நினைத்தது. அப்போது அதன் ஆணையராக இருந்தவர் டீன் பீமன். 415 ஏக்கர் சதுப்புக்காடு கிடைத்தது, விலை ஒரே ஒரு டாலர். நிலத்தைக் கொடுத்தவர்களுக்கும் கணக்கு இருந்தது: மைதானம் வந்தால் சுற்றியிருக்கும் மண் பொன்னாகும். வந்தது, ஆனது. பார்வையாளர்கள் உட்கார்ந்து பார்க்க வசதியாகப் புல்மேடுகள் எழுப்பிய மைதானம் வேண்டும் என்பதுதான் பீமனின் பெருங்கனவு. ஸ்டேடியம் மைதானம் என்ற பெயர் அங்கிருந்து வந்தது. ஆட்டக்காரர் எங்கே நிற்பார் என்று யோசித்துத்தான் அதுவரை மைதானங்கள் பிறந்தன. பார்க்கிறவர் எங்கே உட்காருவார் என்பதையும் அந்த அளவுக்கு யோசித்துப் பிறந்தது இது.

வடிவமைக்க வந்தவர் பீட் டை. காப்பீடு விற்றுக்கொண்டிருந்து, பிறகு மைதானம் கட்டுவதையே தொழிலாக்கிக்கொண்டவர். அவர் மனைவி ஆலிஸ் டை தானே சிறந்த ஆட்டக்காரர். பின்னாளில் அமெரிக்க கோல்ஃப் மைதான வடிவமைப்பாளர் சங்கத்துக்குத் தலைவரான முதல் பெண். 17ஆம் குழிக்கு முதலில் போட்ட திட்டத்தில் தீவு கிடையாது. கிரீனின் ஒரு பக்கத்தில் மட்டும் சின்னக் குட்டை. ஆனால் அந்த இடத்தில்தான் நல்ல மணல் இருந்தது. சதுப்பு நிலத்தில் மணல் கிடைப்பது அரிது. மற்ற குழிகளின் ஃபேர்வேக்களை மேடாக்க அதைத் தோண்டித் தோண்டி எடுத்துக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் கிரீன் வர வேண்டிய இடத்தைச் சுற்றிப் பெரும் பள்ளம். நீரை நிரப்பிவிட்டு நடுவில் கிரீனை வைத்துவிடலாமே என்று ஆலிஸ் சொன்னார். அருகிலேயே பொன்டி வீட்ரா கிளப்பில் அதற்கு வெகுகாலம் முன்பே ஒரு தீவுக் கிரீன் இருந்தது. யோசனை ஆகாயத்திலிருந்து விழவில்லை. வேறு எங்கோ தேவைப்பட்ட மணலுக்காகத் தோண்டிய பள்ளம், உலகத்திலேயே அதிகம் படம்பிடிக்கப்பட்ட கோல்ஃப் குழிகளில் ஒன்றானது. ஆட்டத்தின் தேவை என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லாமலே இவ்வளவு புகழ் பெறுவது எல்லோராலும் ஆகிற காரியமில்லை.

பீட் டையின் கைவேலையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 1963இல் கணவனும் மனைவியும் ஸ்காட்லாந்துக்குப் போய்ப் பழைய மைதானங்களைச் சுற்றிப் பார்த்தார்கள். பிரெஸ்ட்விக் மைதானத்தில் மணற்குழிகளின் சுவர் சரியாமலிருக்க ரயில் தண்டவாளக் கட்டைகளை நட்டு முட்டுக்கொடுத்திருந்தார்கள். அந்தக் கட்டைகள் பீட் டையின் மனத்தில் பதிந்தன. பிறகு அவர் கட்டிய மைதானங்களின் அடையாளமே அவைதான் என்றானது. ஸ்காட்லாந்தில் கட்டைகளுக்குக் கீழே மணல் இருந்தது. கட்டையில் மோதிய பந்து மணலில் விழும், ஆட்டக்காரர் இறங்கி நின்று அதை அடிப்பார். ஃபுளோரிடாவில் கட்டைகளுக்குக் கீழே குளம்.

மரச்சுவர் செங்குத்தாக நீருக்குள் இறங்குவதால் சாக்ராஸ் 17இல் கரைச்சரிவு என்று ஒன்று கிடையாது. புல் எங்கே முடிகிறதோ அங்கே நீர் தொடங்குகிறது. இது எவ்வளவு கச்சிதமான ஏற்பாடு என்று புரிய வேண்டுமானால் அகஸ்டாவைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். மாஸ்டர்ஸ் போட்டி நடக்கும் அகஸ்டா நேஷனலின் 12ஆம் குழியும் சின்னதுதான், 155 யார்டு. அதன் முன்னாலும் ரேஸ் கிரீக் என்ற ஓடை ஓடுகிறது. அந்த ஓடையும் பலரைச் சாய்த்திருக்கிறது: 2016இல் முன்னணியில் வந்துகொண்டிருந்த ஜோர்டன் ஸ்பீத் அங்கே 7 அடி எடுத்துப் பட்டத்தை இழந்தார், 2020இல் டைகர் உட்ஸ் 10 எடுத்தார். ஆனால் அங்கே ஓடைக்கும் கிரீனுக்கும் நடுவே ஒரு புல்சரிவு உண்டு. 1992 கடைசி நாளில் ஃப்ரெட் கப்பிள்ஸ் அடித்த பந்து அந்தச் சரிவில் பட்டு நீரை நோக்கி உருண்டு வந்தது. வந்த பந்து, ஏனென்று எவரும் சொல்ல முடியாதபடி, புல்லில் தங்கி நின்றது. அவர் ஓடையோரம் குனிந்து நின்று அதைத் தூக்கி அடித்தார், குழிக்கு விதித்த அடிக்கணக்கான பார் எடுத்தார், மாஸ்டர்ஸை வென்றார். முப்பது ஆண்டு கடந்தும் அந்தச் சரிவில் தங்கிய பந்தைப் பற்றி ஜனங்கள் பேசிக்கொண்டிருக்கிறார்கள். சாக்ராஸில் அப்படிப்பட்ட வீண்பேச்சுக்கு வாய்ப்பில்லை. அதிர்ஷ்டம் வந்து ஒண்டிக்கொள்ளத் தோதான ஒரு சாண் புல்லைக்கூட அங்கே யாரும் விட்டுவைக்கவில்லை.

ஆகவே அங்கே சமத்துவம் பூரணமாக இருக்கிறது. விரற்கடையளவு குறைந்துபோன பந்துக்கும், முப்பது யார்டு தள்ளி வானத்தை நோக்கிப் போன பந்துக்கும் தண்டனை ஒன்றே. ஒரு அடி தண்டம், பிறகு டீயிலிருந்து மறுபடி, அல்லது அதற்கென்று குறித்த இடத்தில் பந்தை இறக்கி அங்கிருந்து. நல்ல அடிக்கும் கெட்ட அடிக்கும் இடையில் எத்தனையோ படிகள் இருப்பதாக மற்ற மைதானங்கள் கணக்கு வைத்திருக்கின்றன. கொஞ்சம் பிசகினால் கிரீனின் ஓரப்புல். கூடப் பிசகினால் மணல். மேலும் பிசகினால் புதர். அப்புறம்தான் தொலைந்தது என்ற நிலை. குற்றத்துக்குத் தக்க தண்டனை என்று மனு எழுதிக்கொண்டிருக்கும் அந்தப் பழைய வழக்கத்தை இந்தக் குளம் ஒரே தீர்ப்பில் முடித்துவைத்தது.

அந்தத் தீர்ப்பை வாங்கியவர்களில் லென் மட்டியாஸ் ஒருவர். 1998ஆம் ஆண்டு இந்த மைதானத்தில் நடந்த பிளேயர்ஸ் போட்டியின் இறுதி நாள். ஜாக்சன்வில் பகுதியில் வசித்தவர், பெரிய வெற்றி எதையும் அதுவரை காணாதவர், முன்னணியில் இருந்தவருக்கு ஒரே ஒரு அடி பின்னால் 17க்கு வந்து நின்றார். நோயுற்றிருந்த அவர் தாயார் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். மகனின் பந்து இரண்டு முறை நீருக்குள் போனது. குழி முடிந்தபோது கணக்கில் 8. ஜஸ்டின் லியோனார்ட் பட்டத்தை எடுத்துக்கொண்டு போனார். தொலைக்காட்சி தாயின் முகத்தையும் காட்டியது, மகனின் முகத்தையும் காட்டியது. பார்வையாளருக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும் என்று எழுப்பிய மைதானம், தன் வாக்கை அன்று முழுமையாகக் காப்பாற்றியது.

2013இல் செர்ஜியோ கார்சியாவின் முறை. கடைசி நாளில் டைகர் உட்ஸோடு சமமாக முதலிடத்தில் வந்து 17இல் நின்றவர், இரண்டு பந்துகளை நீருக்குக் கொடுத்து 7 எடுத்தார். 18ஆம் குழியில் இடப்பக்கம் முழுநீளத்துக்கும் குளம் உண்டு, அங்கேயும் ஒன்றைக் கொடுத்தார். நான்கு நாள் உழைப்பு கால்மணி நேரத்தில் கரைந்தது. 2005இல் பாப் ட்வே 12 அடி. பெரிய போட்டி ஒன்றை வென்றவர் அவர், 1986 பிஜிஏ சாம்பியன். 2007இல் காற்று பலமாக வீசிய முதல் நாளில் மட்டும் 50 பந்துகள். உலகத்தின் ஆகத் திறமையான கைகள் அடித்தவை அத்தனையும். சின்னத் தூரம், கையில் குட்டையான வெட்ஜ், அசையாமல் நிற்கும் இலக்கு. இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு உலகின் தலைசிறந்த ஆட்டக்காரரையும் ஞாயிற்றுக்கிழமை விளையாட வந்த கடைக்காரரையும் ஒரே வரிசையில் நிறுத்த முடியும் என்று இந்தக் குழிதான் காட்டியது. திறமைக்கு இடையிலுள்ள வேறுபாட்டை எடுத்துக்காட்டத்தான் மைதானம் என்று நம்பியிருந்தவர்களுக்கு அது புதுப்பாடம்.

கோல்ஃபின் மேல் எனக்குள்ள பிரியம் முழுக்க அதன் இரண்டாவது அடியின் மேல் உள்ள பிரியம். முதல் அடியை யாரும் கெடுக்கலாம். கெட்ட இடத்தில் போய்க் கிடக்கும் பந்தை எப்படி எடுப்பாய் என்பதுதான் இந்த ஆட்டம் ஒரு மனிதனிடம் கேட்கும் கேள்வி. 1979இல் ராயல் லித்தாம் மைதானத்தில் நடந்த பிரிட்டிஷ் ஓபனில் செவே பாயஸ்டெரோஸ் 16ஆம் குழியில் அடித்த பந்து ஃபேர்வேயைத் தாண்டி, கார் நிறுத்தியிருந்த தற்காலிக இடத்துக்குப் போனது. கார்களுக்கு நடுவிலிருந்து அவர் அடித்தார், கிரீனில் ஏற்றினார், பாருக்கு ஒரு அடி குறைந்த பேர்டி எடுத்தார், பட்டம் வென்றார். 22 வயது. ஸ்பெயினில் கடற்கரை மணலில் ஒற்றை அயர்னை வைத்துக்கொண்டு பழகிய கை அது. எங்கே கிடந்தாலும் பந்துக்கு ஒரு வழி உண்டு என்று நம்பிய கை. மரத்தடி, மணல், புதர், கல், கார் எதுவானாலும் அதற்கென்று ஒரு அடியை யோசித்துவிடலாம். நீரின் தனிச்சிறப்பு, அது யோசனையே கேட்பதில்லை. செவேயின் பந்து சாக்ராஸ் 17இல் நீருக்குள் போயிருந்தால் அவரும் மற்ற எவரையும் போல இறக்கும் இடத்துக்கு நடந்துபோய், பையிலிருந்து இன்னொரு பந்தை எடுத்துக் கீழே விட்டிருப்பார். அந்தக் கை கற்ற எதுவும் அங்கே தேவைப்படாது. மேதைமையை இவ்வளவு சுலபமாக ஓய்வெடுக்க வைக்கும் ஏற்பாடு வேறெங்கும் இல்லை.

தேர்வு செய்கிற தொல்லையையும் இந்தக் குழி நீக்கிவிட்டது. மைதான வடிவமைப்பில் பெரிய பெயரான அலிஸ்டர் மெக்கென்சி, அகஸ்டாவை பாபி ஜோன்ஸோடு சேர்ந்து அமைத்தவர், நல்ல குழி என்றால் பலவீனமான ஆட்டக்காரருக்கும் ஒரு மாற்றுவழி இருக்க வேண்டும் என்று 1920லேயே எழுதிவைத்தார். ஒரு அடி கூடப் போகலாம், ஆனால் அவரும் குழியை ஆடி முடிக்க வேண்டும். தொலைந்த பந்தைத் தேடும் எரிச்சல் ஆட்டத்தில் இருக்கக்கூடாது என்றும் சொன்னார். அகஸ்டாவின் 13ஆம் குழியில் கிரீனுக்கு முன்னால் ஓடை. தைரியமிருந்தால் இரண்டாவது அடியிலேயே தாண்டலாம். இல்லையென்றால் ஓடைக்கு இந்தப் பக்கம் பந்தை வைத்துவிட்டு மூன்றாவதில் தாண்டலாம். தாண்டுவதா வேண்டாமா என்று நின்று யோசிக்கும் அந்த நிமிடத்தில்தான் ஆட்டக்காரரின் குணம் வெளியே வருகிறது. செயின்ட் ஆண்ட்ரூஸின் 17ஆம் குழி உலகத்தின் கடினமான குழிகளில் ஒன்று. அங்கேகூட சாலைக்கும் மணற்குழிக்கும் எட்டாமல் வலப்பக்கமாகச் சுற்றிக்கொண்டு போகிறவருக்குப் பாதை உண்டு. சாக்ராஸின் 17 இந்தக் குழப்பத்தையெல்லாம் ஒழித்துவிட்டது. சுற்றிப் போக வழியில்லை, முன்னால் நிறுத்த இடமில்லை. குறைந்த தூரமே அடிக்க முடிகிற ஒரு முதியவர் வந்து நின்றால் அவருக்காக முன்தள்ளிய டீ இருக்கிறது. அங்கிருந்தும் நீரைத் தாண்ட வேண்டும். பெண்களுக்கும் முதியவர்களுக்கும் ஏற்ற தூரத்தில் டீ அமைக்க வேண்டும் என்று வாழ்நாள் முழுக்க வாதாடியவர் ஆலிஸ் டை. பரந்த மனம் அவருடையது. அவர் சொன்ன குளத்துக்கு மட்டும் அது கரை கண்டுபிடிக்கவில்லை.

அப்படிச் சொன்னாலும், ஆலிஸ் இல்லையென்றால் இது இன்னும் முழுமையடைந்திருக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். கிரீனின் பின்பகுதியை நீரை நோக்கிச் சரியவிட பீட் நினைத்திருந்தார். அப்படிச் செய்தால் முதலில் வருகிற குழுவே குழியை முடிக்க மாட்டாமல் நிற்கும், தொலைக்காட்சி நேரம் முடிந்துவிடும் என்று ஆலிஸ் தடுத்ததாகக் கதை உண்டு. கிரீன் உள்பக்கமாக நிமிர்ந்தது.

1980இல் மைதானம் திறந்தது. 1982இல் பிளேயர்ஸ் போட்டி அங்கே முதல்முறையாக வந்தபோது வீரர்கள் குமுறினார்கள். கிரீன்கள் பந்தைப் பிடிப்பதில்லை, நல்ல அடிக்கு மதிப்பில்லை என்று வெளிப்படையாகவே சொன்னார்கள். அந்த ஆண்டு வென்ற ஜெர்ரி பேட், 18ஆம் குழிக்குப் பக்கத்துக் குளத்தில் பீமனையும் பீட் டையையும் பிடித்துத் தள்ளிவிட்டு, தானும் குதித்தார். கூட்டம் ஆரவாரித்தது. அதைக் கொண்டாட்டம் என்று எல்லோரும் எழுதினார்கள், கொண்டாட்டம்தான். நான்கு நாள் அந்தக் குளங்களோடு மல்லுக்கட்டியவர்கள் அதைப் பார்த்து அடைந்த நிறைவில் வேறு ஒரு ருசியும் இருந்திருக்கும். பிறகு பல கிரீன்களைத் திருத்தி மென்மையாக்கினார்கள். குறை சொன்னால் காது கொடுக்கும் நிர்வாகம் என்பதற்கு அது சான்று. 17ஐ மட்டும் தீவாகவே விட்டுவைத்தார்கள். வீரர்கள் எதைப் பற்றி வேண்டுமானாலும் குறை சொல்லலாம். சீட்டு விற்றுக்கொடுப்பது எது என்று நிர்வாகத்துக்குத் தெரியும்.

குளத்தின் வருமானமும் பெரிது. ஆண்டுக்கு 1,00,000க்கு மேற்பட்ட பந்துகள் இந்த ஒரு குழியின் நீரிலிருந்து எடுக்கப்படுகின்றன என்பது பல காலமாகச் சொல்லப்படும் கணக்கு. போட்டி நடப்பது ஆண்டில் ஒரு வாரம். மீதி நாளெல்லாம் கட்டணம் செலுத்துகிற எவரும் வந்து ஆடலாம். கதவைச் சாத்திவைத்திருக்கும் எத்தனையோ பெரிய கிளப்புகளுக்கு நடுவே இது மெச்சத்தக்கது. நூற்றுக்கணக்கான டாலர் கொடுத்து உள்ளே வருகிறார்கள், 17இல் படம் எடுத்துக்கொள்கிறார்கள், பையிலுள்ள பந்துகளைக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். முக்குளிப்போர் இறங்கி அவற்றை வாரி எடுக்கிறார்கள். ஃபுளோரிடாவின் கோல்ஃப் குளங்களில் முதலைகள் வாழும். சேற்றில் கண் தெரியாது. கையால் துழாவித்தான் எடுக்க வேண்டும். கழுவி, தரம் பிரித்து, விலை போட்டால் அந்தப் பந்து மறுபடி கடைக்கு வரும். மறுபடி ஒருவர் வாங்குவார், மறுபடி நீருக்குப் போகும். விளைச்சல் பொய்க்காத குளம். எடுக்க ஆளில்லாத நீரில் என்ன ஆகும் என்பதை கலிஃபோர்னியாவின் பெபிள் பீச் கரையில் பார்த்தார்கள்: ஒரு பள்ளி மாணவியும் அவரோடு சேர்ந்தவர்களும் கடலடியிலிருந்து எடுத்த கோல்ஃப் பந்துகள் 50,000ஐத் தாண்டின. தேய்ந்து, உரிந்து, நுண்பிளாஸ்டிக்காகக் கடலில் கலந்துகொண்டிருந்த பந்துகள். சாக்ராஸின் குளம் அந்த விதத்தில் பொறுப்பானது. வாங்கியதைக் கடலுக்கு விடாமல் சந்தைக்கு அனுப்பிவிடுகிறது.

தண்டம் இல்லாமல் அந்த நீருக்குப் போன பந்து ஒன்றும் உண்டு. 1998இல் ஒரு வீரர் கிரீனில் பத்திரமாக இறக்கிய பந்தைக் கடற்பறவை ஒன்று அலகால் கொத்திக்கொண்டு பறந்து, குளத்தில் போட்டது. வெளிச்சக்தி பந்தை நகர்த்தினால் தண்டமில்லாமல் பழைய இடத்திலேயே வைத்துக்கொள்ளலாம் என்பது விதி. வைத்துக்கொண்டார்.

பார்க்க வருகிறவர்களை இந்தக் குழி கைவிட்டதே இல்லை. மேடுகளில் ஆயிரக்கணக்கானோர் குடியும் கும்மாளமுமாக உட்கார்ந்திருப்பார்கள். கோல்ஃப் கூட்டம் நல்ல அடிக்குக் கைதட்டிப் பழகிய கூட்டம். கெட்ட அடிக்கு அது முனகும், பரிதாபப்படும். 17ஐச் சுற்றி உட்கார்ந்த கூட்டம் வேறொன்றும் கற்றுக்கொண்டது. பந்து நீரில் விழுந்து தெறிக்கும்போது எழும் கூச்சல், கொடிக்குப் பக்கத்தில் விழும்போது எழும் கூச்சலுக்குச் சளைத்ததல்ல. அதற்காகவும் சீட்டு வாங்கியிருக்கிறார்கள். 2001இல் டைகர் உட்ஸ் அதே கிரீனில் ஏறத்தாழ 60 அடி தூரத்திலிருந்து, வளைந்து இறங்கும் தடத்தில், ஒரு புட்டைக் குழிக்குள் உருட்டிவிட்டார். நான் பார்த்த ஆட்டங்களில் அதைப் போல அழகானது குறைவு. அந்த அழகு கிரீனின் மேட்டிலும் சரிவிலும் இருந்தது, சுற்றியிருந்த நீரில் இல்லை. பீட் டை மண்ணை வளைப்பதில் எவ்வளவு பெரிய கலைஞர் என்பதற்கு அந்தப் புட் போதும். அந்தக் கலையைப் பார்க்க முதலில் பந்து அங்கே போய்ச் சேர வேண்டும்.

புகழ் பெற்றதைப் பின்பற்றுவார்கள். உலகம் முழுக்கத் தீவுக் கிரீன்கள் முளைத்தன. மணல் எடுத்த பள்ளம் இல்லாத இடத்தில் பள்ளத்தையே தோண்டினார்கள், நீரில்லாத பாலைவனத்தில் நீர் கொண்டுவந்தார்கள். பீட் டையே கலிஃபோர்னியாவின் லா கின்டாவில், பாலைநிலத்தில், பிஜிஏ வெஸ்ட் ஸ்டேடியம் மைதானத்தை அமைத்தபோது அங்கேயும் 17ஆம் குழியைத் தீவாக்கினார். கைதிகளை அடைத்துவைத்த தீவின் பெயர் அதற்கு ஒட்டிக்கொண்டது: அல்காட்ராஸ். 1987இல் அங்கே ஒருமுறை போட்டி ஆடிய தொழில்முறை வீரர்கள், இனி இந்த மைதானம் வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டு மனுக் கொடுத்தார்கள். மைதானம் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டது. 2016இல்தான் திரும்பி வந்தது. ஐடஹோ மாநிலத்தின் கர் டலேன் ஏரியில் இன்னும் ஒரு படி மேலே போய், 1991இல் மிதக்கும் கிரீனையே செய்தார்கள். தூரத்தைத் தினமும் மாற்றலாம், ஆட்டக்காரர் படகில் ஏறிப் போக வேண்டும். நிலத்தின் மேடுபள்ளத்தோடு மனிதன் ஆடிய ஆட்டத்தை நிலமே தேவைப்படாத அளவுக்குக் கொண்டுபோக முடியும் என்று சாக்ராஸ்தான் வழி காட்டியது.

1999இல் அதே ஃப்ரெட் கப்பிள்ஸ் சாக்ராஸ் 17இல் அடித்த முதல் பந்து நீருக்குள் போனது. புல்சரிவு எதுவும் தடுக்கவில்லை. டீயிலிருந்தே மறுபடி அடித்தார். அந்தப் பந்து தரையைத் தொடாமல் நேரே குழிக்குள் விழுந்தது. கணக்கில் 3, பார். குளத்தை விரும்புகிறவர்கள் இதைத்தான் எடுத்துச் சொல்வார்கள்: பார், மீட்சி உண்டு. உண்டு. அதற்கு 125 மீட்டர் தள்ளியிருக்கும் நாலேகால் அங்குலக் குழிக்குள் பந்து பறந்தபடியே விழ வேண்டும்.

இந்தக் குளத்துக்கு மாற்றுவழி கண்டவர் ஒருவர் உண்டு. 1985இல் கோல்ஃப் டைஜஸ்ட் பத்திரிகை, ஆர்வம் குறையாமல் ஆடும் கோல்ஃப் ஆட்டக்காரர்களில் அமெரிக்காவிலேயே மோசமானவர் யார் என்று கண்டுபிடிக்க நான்கு பேரைக் கூட்டிவந்து இந்த மைதானத்தில் போட்டி வைத்தது. பென்சில்வேனியாவிலிருந்து வந்த மளிகைக்கடைக்காரர் 17இல் பந்து மேல் பந்தாக நீருக்குள் அனுப்பினார். 27 பந்துகள் போயின. பிறகு கரையோரமாகவே திரும்பி, கிரீனுக்கு நடந்துபோகும் அந்தக் குறுகிய பாதையை நோக்கிப் பந்தைத் தட்டத் தொடங்கினார். புட்டரால் தட்டித் தட்டி, பாதை வளையும் இடத்தில் வளைத்து, ஒரு அடியில் கொஞ்சம் முன்னேறி, அடுத்த அடியில் இன்னும் கொஞ்சம் முன்னேறி, பந்தை நீரில் விடாமல் கிரீனில் ஏற்றிக் குழிக்குள் போட்டார். அந்தக் குழிக்கு 66 அடி, மொத்தம் 257. மெக்கென்சி கேட்ட அந்த இன்னொரு பாதை, அடிகள் கூடினாலும் பலவீனமானவர் ஆடி முடிக்கக்கூடிய பாதை, அங்கே அதுவரையும் இருந்திருக்கிறது. புல் வெட்டுகிறவர்களும் கொடியை எடுத்துச் செல்கிறவர்களும் நடக்க என்று போட்ட பாதை.